பிலோமி மச்சாளுக்கு, கழுவிய பைகள் திரும்பி வந்தது பற்றி

என் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய பிலோமி மச்சாள்,

நீங்கள் கண்மூடி, வருகிற மாதத்தோடு ஒரு வருடம். நீங்கள் இருந்த காலத்தில் நான் உங்களுக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை; அடுத்த ஒழுங்கையில் இருப்பவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? பூசைக்குக் கொடுத்தால் போதும் என்கிறாள் உங்கள் தங்கச்சி. அவளுக்குக் கணவனாக வாய்த்த எனக்கு அது போதவில்லை. பூசையில் பைகளைப் பற்றிச் சொல்ல இடமில்லை.

தையலறைப் பூட்டின் திறப்பை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து என்னிடம் தந்தீர்கள். ஏன் என்னிடம்? முப்பது வருடம் இங்கிலீசு படிப்பித்தவன் நான். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. "கொழும்புக் கடைக்காரி இங்கிலீசிலைதான் எழுதுவா. நீங்கள் வாசிச்சுச் சொன்னால் காணும் மச்சான், மிச்சத்தை யசிந்தா பார்ப்பாள்" என்றீர்கள். உங்களோடு இருந்து தைத்த யசிந்தாவுக்கு நானும் வாசித்துச் சொன்னேன். என் பங்குக்கு நான் செய்த சேதம் அதுதான்.

முதல் தறப்பாள் வந்த நாள் நினைவிருக்கிறதா? முருங்கனில் லொறி திருத்தும் ஒரு கராச்சின் பின்பக்கம் எறிந்து கிடந்தது. நெல் லொறிகளை மூடி மூடி ஓட்டை விழுந்த தறப்பாள். அதைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினீர்கள். நான் உங்களைத் தெரியாதவன்போல யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

"இதென்ன அக்கா, ஆரையோ சுருட்டிக்கொண்டு வாறியள்?" என்றான் கொண்டக்டர்.

"ஆளெண்டால் ரிக்கற் எடுப்பன் தம்பி. இது சும்மா வரட்டும்."

அந்தத் தறப்பாளில்தான் முதல் ஆறு பைகள் தைத்தீர்கள். பிறகு காற்றாலை நட்ட இடத்திலிருந்து, பாரம் தூக்கித் தேய்ந்த பட்டிகள் வந்தன. தேய்ந்த பட்டியால் மறுபடி தூக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டமாம். வானத்துக்கு இறக்கை ஏற்றிய பட்டி, பையின் தோள்வாராகி, இப்போது ஒரு கைபேசியையும் ஒரு சீப்பையும் தூக்குகிறது. ஓய்வுபெற்றவர்களுக்கு இலகுவான வேலை கிடைப்பது நல்லதுதான்.

நீங்கள் போன பிறகு வந்த பெரிய ஓடர், கொழும்புக் கடையின் பதினெட்டுப் பைகள். சரியாக அமைந்தால் மாதா மாதம் எடுப்பார்களாம். தறப்பாளில் உள்ள கறை, எண்ணெய், லொறிக்காரன் எழுதிய எழுத்து எல்லாம் அப்படியே இருக்க வேண்டும், தயவுசெய்து கழுவ வேண்டாம் என்று அந்தப் பெண் எழுதியிருந்தார்.

"ஊத்தையோடையோ?" யசிந்தா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஓம். அப்பிடித்தான் கிடக்கு."

"திருப்பி வாசியுங்கோ மாஸ்டர்."

திருப்பி வாசித்தேன். பாப்பாமோட்டையிலிருந்து நாளாந்தம் பஸ்ஸில் தைக்க வரும் செல்வராணி சிரித்தாள். "பாவம், அவ மரியாதைக்குச் சொல்லுறா. வீட்டுக்கு வாற சனம், ஒண்டும் செய்யாதேங்கோ, தேத்தண்ணியும் வேண்டாம் எண்டு சொல்லுறேல்லையே? அதுக்காக நாங்கள் சும்மா அனுப்புறதோ?"

மச்சாள், அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வேண்டாம் என்றவருக்கு இரண்டாம் தடவையும் சோறு போடுகிற ஊரில் பிறந்தவன் நான். முப்பது வருட இங்கிலீசு ஒரு நிமிடத்தில் என்னைக் கைவிட்டது.

எப்படிக் கழுவினார்கள் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பு, நுரைக்காது என்று பவுசர் வண்டியில் வந்த நல்ல தண்ணீரை எடுத்தார்கள். தும்பு, சவர்க்காரம், தேசிக்காய். எழுத்துகளை அழிக்க மண்ணெண்ணெய். லொறித் தறப்பாள் கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகும் பிள்ளையின் சட்டைபோல வெளுத்தது. காயப்போட்ட ஒன்றில் மட்டும் கழுதை ஏறி நின்றுவிட்டது. எவ்வளவு தேய்த்தும் குளம்புத் தடம் போகவில்லை. அதில் தைத்த பையை வெட்கத்தோடு பெட்டியின் அடியில் வைத்தார்கள். மன்னிக்கச் சொல்லி ஒரு துண்டும் எழுத வைத்தார்கள். நல்ல இங்கிலீசில் எழுதினேன்.

பதினேழு பைகள் திரும்பி வந்தன. கழுதைப் பையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதே போல இருபது அனுப்புங்கள், இன்னுமொரு தடவை பார்ப்போம், அதுவும் சரிவராவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று அந்தப் பெண் எழுதியிருந்தார். கோபமே இல்லாத கடிதம். கோபமாக இருந்தால் பதிலாவது எழுதியிருப்பேன்.

பெட்டியை என் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். இந்த ஓடர் கைவிட்டுப் போனால் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போவதாக யசிந்தா முடிவு செய்திருக்கிறாள். பிள்ளைகள் இரண்டையும் தாயிடம் விட்டுவிட்டு. ஏஜென்சிக்காரனோடு பேசியும் விட்டாள். இருபது பைக்கு ஓடர் வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதற்காக அடுத்த தறப்பாள்களை முன்னதைவிட உரமாகத் தேய்க்கத் தொடங்கினார்கள். பதினொரு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் பெட்டியைக் கொண்டுபோய்த் திறந்து வைத்தேன்.

யசிந்தா ஒரு பையை எடுத்து உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். உங்கள் பெயரைச் சின்னச் சீலைத்துண்டில் தைத்து ஒவ்வொரு பைக்குள்ளும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது.

"அக்காவின்ர பேர் கிடக்கு மாஸ்டர். ஊத்தையிலை கொண்டுபோய் இதைத் தைக்கச் சொல்லுறியளோ?"

"அவ ஊத்தையைத்தானே பிள்ளை கேக்கிறா."

"கேக்கட்டும். நாளைக்கு ஆரும் இதைத் திறந்து பார்த்தால், பிலோமி எண்டொருத்தி மன்னாரிலை இருந்தவளாம், ஊத்தைச் சீலை தைச்சவளாம் எண்டு சொல்லுவினம்."

"அப்ப பேரைக் கழட்டுவம்" என்றேன்.

செல்வராணி கத்தரிக்கோலை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே கழட்டுங்கோ."

எடுத்தேன். ஒரு நூலையும் வெட்டவில்லை. அவர்கள் எழுந்து கிணற்றடிக்குப் போனார்கள்.

கழுவாதேங்கோ என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் மொழிபெயர்ப்பு என்று நினைக்கிறார்கள். அவர்கள் உங்களை மதிக்க மதிக்க உங்கள் தையலறை அழிகிறது. இதை யாரிடம் முறையிடுவது? கடைக்காரியிடம் பிழையில்லை. இவர்களிடமும் பிழையில்லை. பிழைக்காரன் ஒருவனாவது இருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்!

இருபது பைகளும் பளபளவென்று தயார். தபாலில் போட மனமில்லை. வெள்ளிக்கிழமை நானே கொழும்பு பஸ்ஸில் கொண்டுபோகிறேன், இந்தமுறை சுமையை மடியில் வைத்துக்கொண்டு. அந்தப் பெண்ணிடம் பையைத் திறந்து உங்கள் பெயரைக் காட்டுவேன். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இங்கிலீசில் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தும் மன்னிப்புக் கடிதம்போலவே வருகிறது.

நேற்று யசிந்தா ஏஜென்சிப் படிவத்தைக் கொண்டுவந்து தந்தாள், அதுவும் இங்கிலீசு. "சும்மா நிரப்பி வையுங்கோ மாஸ்டர், தேவைப்பட்டால்" என்றாள். பெயரை எழுதினேன். பிறந்த திகதியை எழுதினேன். பிள்ளைகள் எத்தனை என்ற இடத்தில் பேனையை மூடி வைத்துவிட்டேன். கொழும்பிலிருந்து திரும்பி வரும்வரை அந்த இடத்தை நிரப்பமாட்டேன், மச்சாள். அதற்கு மேல் உறுதி தர என்னிடம் ஒன்றுமில்லை.

உங்கள் தங்கச்சியைக் கட்டியதால்
உங்கள் மச்சானாகவே இருக்கிற,
திறப்பு வைத்திருப்பவன்