மருந்தே படாத தட்டு

மார்ச் 12, செவ்வாய், பிற்பகல் 3.40. எண்ணிய செல்கள் இருநூறு. சிவப்பு நூற்றுப் பன்னிரண்டு.

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நீயும் நலம் என்று அத்தை சொன்னார்கள். உன் நலத்தை உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ இப்போது இருக்கும் ஊரிலேயே இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறாயாம். “உங்களுக்குள்ள பேச ஒண்ணுமில்லைங்கிறாளே மாப்பிள்ளை” என்று இழுத்தார்கள். வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். தபாலுக்கு நேரமில்லை, அதனால் மெயில்.

மேலே உள்ள கணக்கைத் தாண்டிப் போகாதே. செல் சாவதில் இரண்டு வகை. ஒன்று, தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாமல் போவது. அது பச்சைச் சாயம் பிடிக்கும். மற்றது, சவ்வு கிழிந்து உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிச் சாவது. அதற்குள் சிவப்புச் சாயம் நேராகப் புகுந்துவிடும். நாங்கள் சோதிக்கும் புற்றுநோய் மருந்து செல்களை முதல் வகையில் கொல்ல வேண்டும். எனக்கோ பாதிக்கு மேல் சிவப்பு. மருந்து தேறாது என்று எழுதி, லேப்பை நடத்தும் அக்காவிடம் நீட்டினேன்.

மருந்தே ஊற்றாத தட்டில் எவ்வளவு என்று கேட்டார். அதை எண்ணவில்லை என்றேன். எண்ணச் சொன்னார். அதிலும் அதே சிவப்பு.

தட்டில் ஒட்டியிருக்கும் செல்களைப் பிரிக்க ஒரு கரைசல் ஊற்றி ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். நான் ஒரு நிமிடத்திலேயே சுரண்டி எடுத்துவிட்டேன். ஆவி அடங்குமுன் குக்கர் மூடியோடு மல்லுக்கட்டுகிறவன்தானே.

“மருந்து கொல்லலப்பா. நீ பிச்சு எடுத்ததுல கிழிஞ்சிருக்கு. சுரண்டுற வரைக்கும் உசுரோடதான் இருந்திருக்கு” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. போன ஞாயிறு நீ பஸ்ஸில் பார்த்த யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய். விஷயத்துக்கு வா என்றேன். விஷயம் ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாய். அந்தப் பெண் அப்புறம் என்ன செய்தாள்? இரண்டு நாளாக அதுதான் மண்டையைக் குடைகிறது. இங்கே வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும்தான் பேசுகிறது.

இப்படிக்கு,
நீ பெயர் வைத்த அவசரக்குடுக்கை

இனி செய்யப் போவது:

1. மருந்து தேறாது என்று எழுதிய தாளைக் கிழிப்பது.
2. புதிய தட்டு. ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.
3. மருந்து படாத தட்டை முதலில் எண்ணுவது.
4. வியாழன் மாலை ஆறு மணிக்கு உன்னைக் கூப்பிடுவது. எடு. பஸ் கதையை முதலிலிருந்து சொல். குறுக்கே பேசமாட்டேன்.
5. அதற்குப் பிறகும் கையெழுத்துப் போடத் தோன்றினால் போடு. அதுவரை பேனாவைத் தொடாதே.