உப்புப் படிந்த கம்பி

என் வீட்டுக்காரிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். குளத்தூரில் உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

போன வாரம் சோலார் ஹீட்டர் கடைக்குத் திரும்பப் போனேன். தண்ணீர் சுடவைக்கும் நம் பழைய கம்பியை அன்று மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாயே, கடைக்கார அண்ணாச்சி அதை இன்னும் மேஜைமேல் வைத்திருக்கிறார். நம் போர்த் தண்ணீரின் உப்பு அதில் விரல் கனத்துக்கு அப்பியிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுகிறார்.

"இந்தத் தண்ணிக்குச் செம்புக் குழாய் அடைச்சிரும், கண்ணாடிக் குழாயே வாங்குங்க. ஒரு அம்மா எனக்கே சொல்லிக்குடுத்துட்டுப் போனாவ."

அந்த அம்மா என் வீட்டுக்காரி என்று பெருமையாகச் சொன்னேன். செம்புதான் உறுதி என்று அடம்பிடித்து, "ஒனக்கு என்ன தெரியும்" என்று அதே கடையில் கத்தியவனும் நான்தான். அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை; அன்றைக்கே நீ அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

கண்ணாடிக் குழாயே வாங்கிவிட்டேன்.

"வீட்ல எத்தன பேரு?" என்று அண்ணாச்சி கேட்டார். தொட்டியின் அளவுக்காகத்தான். "ரெண்டு பேரு" என்றேன்.

நூறு லிட்டர் தொட்டி மாடியில் ஏறிவிட்டது. தினமும் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க நிற்கிறது. முதலில் நீதான் குழாயைத் திறக்க வேண்டும். அதுவரை எனக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

கோவில்பட்டியிலிருந்து,
உன் வீட்டுக்காரன்