நூறாம் நாள் டிபன் பாக்ஸ்

நண்பா,

இன்று காலை அந்த டிபன் பாக்ஸைப் பரணிலிருந்து இறக்கினேன். மூடியைத் திறந்ததும் அடைத்துக் கிடந்த எவர்சில்வர் வாடை. புளி போட்டுத் தேய்த்தேன். இத்தனை வருஷம் அதை யாரையும் தொடவிடாத மனுஷன் தேய்த்துக்கொண்டிருந்தால் வீட்டில் கேட்காமல் இருப்பார்களா? "என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள் மனைவி. அப்புறம் சொல்கிறேன் என்றேன். முதலில் உனக்குச் சொல்ல வேண்டும்.

மூடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து அழியவில்லை: 'விபத்தில்லா நூறு நாள்'. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாம் வேலை பார்த்த டீசல் இன்ஜின் பட்டறையில், வாசல் கரும்பலகையில் தினமும் சாக்பீஸால் நாள் கணக்கு எழுதுவார்கள். நூறு நாள் யாருக்கும் அடிபடாமல் போனால் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். யாராவது விரலை நசுக்கிக்கொண்டால் மறுபடி பூஜ்யம். அதனால் நம் ஆட்கள் செய்த காரியம், அடிபடாமல் பார்த்துக்கொண்டது அல்ல. அடிபட்டதைச் சொல்லாமல் பார்த்துக்கொண்டது. பாதிப் பேர் கால்சட்டைப் பையில் பஞ்சும் டிஞ்சரும் வைத்திருந்தோம்.

பலகையில் தொண்ணூற்றேழு என்று எழுதியிருந்த அன்று, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஒரு இன்ஜினில் மசகு எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டேன். ஓட்டிப் பார்த்தபோது அது வெறி பிடித்தாற்போல் உறுமத் தொடங்கியது. டீசல் குழாயை அடைத்தேன், நிற்கவில்லை. தன் எண்ணெயைத் தானே குடித்துக்கொண்டு ஓடியது. நான் அந்தக் குழாயையே மறுபடி மறுபடி திருகிக்கொண்டிருந்தேன். நீதான் ஓடிவந்து என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, ஈரச் சாக்கு சுற்றிய பலகையைக் காற்று இழுக்கும் வாயில் வைத்து அமுக்கினாய். காற்று இல்லாமல் இன்ஜின் திணறி நின்றது. நீ நிமிர்ந்தபோது மேலே தொங்கிய செயின் கொக்கி உன் பின்மண்டையில் மோதியது. ரத்தம் சட்டைக் காலர் வரை வந்தது.

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. "டேய், யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ சிரித்தாய். "இன்னா மாமே, இதுக்குப் போயி அழுதுகினு. ஒண்ணியும் இல்ல. தலைல துண்டைக் கட்டிகினா யாருக்குத் தெரியும்?" என்றாய். மூன்று நாள் கழித்து நாம் இருவரும் வரிசையில் நின்று டிபன் பாக்ஸ் வாங்கினோம். முதலாளி கை குலுக்கினார்.

ஏழு வருஷம் கழித்து உனக்குத் தலைவலி தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் வலது கை ஸ்பேனரை நழுவவிட்டது. மூளையில் கட்டி, மிக வேகமாக வளரும் வகை என்றார்கள். "எப்பவாவது தலையில் பலமா அடிபட்டிருக்கா?" என்று டாக்டர் கேட்டபோது நான் உன் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். "இல்ல சார்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாயே, பாவி, அந்தக் கண்ணடிப்பு என்னைத் தூங்கவிடாமல் அடித்த வருஷங்களுக்கு யார் பதில் சொல்வது? ஒரு வருஷம்கூட நீ தாங்கவில்லை. உன்னைக் கொன்றது நான்தான் என்று நம்பினேன். நெமிலிச்சேரியில் நான் ஏறும் மின்சார ரயில் அண்ணனூரில் நிற்கும்போதெல்லாம், நீ தினமும் வந்து ஏறிக்கொண்ட பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அண்ணனூர் போனேன். நீ போனபோது அவளுக்கு ஐந்து வயது. இப்போது உன்னைக் கொண்டுபோன அதே நோயை ஆராய்கிற டாக்டரம்மா. அந்த நோயில் என்னம்மா பார்க்கிறாய் என்று கேட்டேன். "ஒவ்வொரு செல்லுக்கும் சக்தி கொடுக்க உள்ளே மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு மாமா, இன்ஜின் மாதிரி. செல் கெட்டுப்போனா தானே செத்துப்போறதுக்கான ஏற்பாடும் அங்க இருக்கு. அங்க இருக்கிற ஒரு புரதம் இந்தக் கட்டியில அளவுக்கு மேல சேர்ந்துடுது. அது செல்லைச் சாக விடாது. ஒரு தீனி கிடைக்கலன்னா வேற தீனிக்கு மாத்திவிடுது."

"டீசலை அடைச்சாலும் சொந்த எண்ணெயைக் குடிச்சிட்டு இன்ஜின் ஓடுமே, காத்தை அடைச்சாத்தான் நிக்குமே, அப்படியா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கிட்டத்தட்ட அதேதான். காத்தை எங்க அடைக்கிறதுன்னுதான் தேடுறோம்."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. எண்ணெய், கொக்கி, துண்டு, பலகை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கடைசிவரை கேட்டாள். "மாமா, அந்த அடியாலதான் இது வந்துச்சுன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல. இது சில மாசத்துலயே வளர்ந்துடுற கட்டி. அன்னிக்கே ஸ்கேன் எடுத்திருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றாள். திரும்பவும் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

அழுதேன் என்று வெட்கமில்லாமல் எழுதுகிறேன். சமையலறையிலிருந்து உன் மனைவி காப்பியோடு வந்தாள். "இதையா இத்தினி வருசம் தூக்கிகினு திரிஞ்ச? எனுக்கு அன்னிக்கே தெரியும்ணே. ஊட்டுக்கு வந்த மனுசன் தலையக் களுவி மருந்து போட்டது யாரு? 'அவன் மூஞ்சியப் பாத்தா, அடி எனுக்கா அவனுக்கான்னே தெரியல'ன்னு அவரு சிரிச்சாரு" என்றாள்.

பிறகு அலமாரியிலிருந்து உன் டிபன் பாக்ஸை எடுத்துக் காட்டினாள். எழுத்து முழுக்கத் தேய்ந்து, ஒரு பக்கம் நசுங்கி, மூடி லொடலொடவென்று ஆடியது. உன் மகள் பள்ளி, கல்லூரி எல்லாம் அதில்தான் சோறு கொண்டு போனாளாம். ஒரே நாள் வாங்கியவை. உன்னுடையது உழைத்துத் தேய்ந்திருந்தது. என்னுடையது பரணில் புத்தம் புதிதாகக் கிடந்தது.

நான் சொன்ன பொய் பொய்தான். அது என்னோடு இருக்கட்டும். ஆனால் நான் உன்னைக் கொல்லவில்லை, நண்பா. இதை எழுதும்போதே தோள் லேசாகிறது.

இன்று உன் மகள் ஊருக்குக் கிளம்புகிறாள். ரயிலில் சாப்பிட என் வீட்டு எலுமிச்சை சாதம் கட்டியிருக்கிறேன், அந்த டிபன் பாக்ஸில். அண்ணனூரில் இறங்கிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இந்த முறை ஜன்னல் பக்கமே உட்காரப்போகிறேன்.