துண்டோடு நடந்த வகுப்பு

அன்புள்ள வேன்லாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், கடல் கடந்து வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும். ஒரு வாரமாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அதைச் சொல்லத்தான் இந்த அவசரம்.

பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு நான் நடத்தும் பயிற்சி உனக்குத் தெரியும், எந்த மாணவரையும் ஒதுக்காமல் பாடம் நடத்துவது எப்படி, நமக்குள் இருக்கும் பாரபட்சத்தை வாய்விட்டுப் பேசுவது எப்படி என்று. பேசினால்தானே? நம் தாம்பெரே ஊர் ஆட்கள் காபியைக் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். அடுத்த வகுப்பும் இப்படியே போனால் பயிற்சியை நிறுத்திவிடுவோம் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். நம் ஊரில் மனுஷன் வாய் திறக்கும் இடம் சௌனா, அந்த நீராவிக் குளியலறை ஒன்றுதானே, வகுப்பையே ஏரிக்கரைச் சௌனாவுக்கு மாற்றினேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

ஆணும் பெண்ணுமாக எல்லாரும் வெறும் துண்டோடு வந்து நிற்கிறார்கள், ஈரானிலிருந்து வந்து வேதியியல் சொல்லித்தரும் பர்வீன் மட்டும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உடை மாற்றும் அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யாரையும் ஒதுக்கக் கூடாதுங்கற வகுப்புக்குள்ள என்னால வர முடியாம பண்ணிட்டீங்களே மேடம்" என்றாள், சிரித்துக்கொண்டேதான். சௌனாவுக்குள் போகாமலே என் முகம் சிவந்துவிட்டது. அப்போது இயற்பியல் பேராசிரியர் கெத்துனென், இத்தனை நாள் 'ம்' கொட்டியதோடு சரி, துண்டை இறுக்கிக்கொண்டு அவள் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தார். "நான் மட்டும் என்ன யோக்கியனா? வெளிநாட்டுப் பிள்ளைங்க கை தூக்கினா பாக்காத மாதிரி இருந்துடுவேன். அவங்க கேக்கறது புரியலேன்னா என் மானம் போயிடுமே" என்றார். "நீங்க பேசறதே எனக்குப் பாதி புரியாது சார், அதுக்காக நான் தினமும் வணக்கம் சொல்லாம விட்டேனா" என்றாளே பார், அத்தனை பேரும் துண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதோடு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்து, சௌனா அடுப்பே அணைந்துவிட்டது, ஒருவரும் உள்ளே போகவில்லை.

பயிற்சி பிழைத்தது. நேற்று கெத்துனென் வகுப்பைத் தாண்டிப் போனேன், கதவு திறந்திருந்தது. பின்வரிசையில் ஒரு வெளிநாட்டுப் பெண் கை தூக்க, மனிதர் அவள் பக்கத்திலேயே போய் நின்று, "எனக்குப் புரியலம்மா, இன்னொரு தடவ சொல்லு" என்றார். அவள் சொன்னாள். மறுபடியும் புரியவில்லை, மறுபடியும் கேட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அப்பாவிடம் சொல்லாதே, கேலி செய்வார்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். நீயும் அங்கே வெளிநாட்டுப் பெண்தானே கண்ணு. நீ கை தூக்கும்போதெல்லாம் யாராவது உன் பக்கத்தில் வந்து நிற்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா மர்யத்தா