சிவப்பு அம்பு

ஜனவரி 8
போன ஆண்டு முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். என் ஐந்தாம் வகுப்பு பதினொன்று இறக்கம். கீழே பார்க்கும் சிவப்பு அம்பு. பக்கத்திலேயே நாலாம் வகுப்பு, பச்சை அம்பு. யார் வகுப்பு? என் ஓரகத்தியுடையது, கொழுந்தன் பெண்டாட்டி. பிள்ளைகளுக்குச் சின்ன டீச்சர், எனக்குச் சின்னவள். ஒரே பள்ளி, ஒரே வீடு, ஒரே அடுப்படி.

எங்கள் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு. நடுவில் பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பதுதான் எங்களுக்கு மார்க். மூன்று ஆண்டுக்குள் இரண்டு சிவப்பு விழுந்தால் எங்கோ தூரத்துப் பள்ளிக்கு மாற்றல்.

எல்லார் முன்னாலும் ஹெச்.எம். கேட்டார்: "ஒரு வருஷம் படிச்சு, தெரிஞ்சதையும் எப்படி டீச்சர் மறந்துச்சுங்க?"

ஜனவரி 9
தெரிந்துவிட்டது. என்னிடம் படித்துவிட்டு ஆறாம் வகுப்புக்குப் போன பையன் ஒருவன் சொன்னான். "தொடக்கத் தேர்வுல சின்ன டீச்சர்தானே காவல். விடையெல்லாம் வாயசைச்சுக் காட்டினாங்க."

அப்படியென்றால் தொடக்க மார்க்கே உச்சாணியில். அதற்கு மேல் நான் எங்கே போய் வளர்ப்பது?

சாப்பிடும்போது கேட்டேன். "பாவம், முழிச்சுட்டு உக்காந்திருந்துச்சுங்கக்கா. ரெண்டு சொன்னேன்" என்றாள். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத முகம். இருக்கட்டும். என் நேரம் வரும்.

ஜனவரி 10
வயிறு எரிகிறது.

ஜனவரி 19
இந்த ஆண்டுத் தொடக்கத் தேர்வுக் காவலுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். என் வகுப்புக்கு விளையாட்டு வாத்தியார். எனக்கு — சின்னவளின் நாலாம் வகுப்பு. கடவுளுக்குக் கண் இருக்கிறது.

ஜனவரி 20
கதவைச் சாத்தினேன். "டீச்சர் வாயையே பாருங்க" என்றேன். அவள் இரண்டு சொன்னாளாம். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன், சத்தமில்லாமல், உதட்டாலேயே. முதல் பெஞ்சில் ஒரு ரெட்டைச்சடை. கேள்வித்தாளைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தே அத்தனையும் நிரப்பிவிட்டாள். கெட்டிக்காரி.

வீட்டுக்கு வந்து சின்னவளுக்கு நானே வலியப் போய்க் காய் நறுக்கிக் கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 3
"தொடக்கத்துல தொண்ணூறு வாங்கியிருக்குங்கக்கா. கேட்டா எழுத்துக் கூட்டக்கூடத் தெரியல" என்று புலம்புகிறாள். "நல்லா சொல்லிக் குடு" என்றேன். உள்ளே சிரிப்பு தாங்கவில்லை.

டிசம்பர் 11
நாலாம் வகுப்பு இருபத்தாறு இறக்கம். சிவப்பு. எனக்கு ஒன்பது ஏற்றம். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். சின்னவள் கழிப்பறையில் அழுதாளாம். அழட்டும். நான் அழுதபோது யார் வந்தார்கள்? நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

இவர்கூடக் கேட்டார்: "என்ன, இன்னிக்குப் பாட்டெல்லாம் பலமா இருக்கு?"

டிசம்பர் 12
அடுப்படியில் சின்னவள் சொன்னாள்: "பிள்ளைங்ககிட்ட கேட்டேன்க்கா. சொல்லிடுச்சுங்க." அவ்வளவுதான். சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.

ஜனவரி 7
புது வகுப்பு. புதிது என்ன புதிது — அவள் பிள்ளைகள்தான். நாலு முடித்தால் ஐந்துதானே? ஒரு வருஷமாக இது ஏன் என் மண்டையில் ஏறவில்லை?

முதல் பெஞ்சில் ரெட்டைச்சடை. புத்தகத்தைத் திறந்து கொடுத்து, முதல் வரியைப் படிக்கச் சொன்னேன். புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள்.

"படிம்மா."

"நீங்க இன்னும் சொல்லலையே டீச்சர்."

நிமிர்ந்தேன். மொத்த வகுப்பும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜனவரி 8
அ, ஆவிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில். பலகைப் பக்கம் திரும்பி நின்றுதான் பாடம் நடத்துகிறேன்.

ஜனவரி 19
நாளைக்குத் தொடக்கத் தேர்வு. சீட்டுக் குலுக்கினார்கள். என் வகுப்புக்குக் காவல், சின்னவள்.

வீட்டுக்கு வந்ததும் அவளே வலிய வந்து எனக்குக் காய் நறுக்கிக் கொடுத்தாள்.