விசாலாட்சியின் வீட்டுப் பத்திரம்

சௌபாக்கியவதி விசாலாட்சிக்கு,

உன் கரிக்கலாம்பாக்கத்து வீட்டைப் பக்கிரிசாமிக்கு விற்க நாள் குறித்திருந்தேன் அல்லவா? அதை நிறுத்தி வைக்கும்படி சொல்ல, பத்திரம் எழுதும் பாகூர் நொத்தேரிடம் போகிறேன்.

"எங்கம்மா எனக்குக் குடுத்த வூட்ட விக்க நீங்க யாரு?" என்று நேற்று கேட்டாய். கோபித்துக்கொண்டேன். பிறகு பத்திரத்தைப் படித்தேன். உன் பெயர் மட்டுமே இருக்கிறது. காக்கையின் வாயிலிருந்த வடைக்கு நரி விலை பேசிய கதைதான். உன் கையெழுத்தின்றி விற்பனை செல்லாது.

பக்கிரிசாமி வந்தால் மோர் கொடு. விற்பதா, வேண்டாமா என்று நீயே சொல். எதுவாயினும் எனக்குச் சம்மதம்.

மதியத்துக்கு வற்றல் குழம்பு போதும். கோபம் தணிந்திருந்தால் அப்பளமும் பொரி.

உன் கணவன் தெய்வசிகாமணி

பத்திரத்தை உன்னைக் கேளாமல் எடுத்தது பிழை. திரும்ப உன் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். சாவி அடுப்பங்கரை மாடத்தில் இருக்கிறது. இனி அதை உன் இடுப்பிலேயே செருகிக்கொள்.