சரிவு பற்றிய சிறப்புரையும் சுவரடி வீடுகள் நான்கும்

நவம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து ஏற்காட்டில் மூடுபனி. எதிரே நிர்வாகக் கட்டடம் தெரியவில்லை. அதற்கு அதுதான் எடுப்பான தோற்றம்.

இன்றைய வேலை: 'செய்திகளும் வரவிருக்கும் உரைகளும்'. பொறியியல் பள்ளியில் முதலாண்டுக்குத் தமிழ் எடுக்க வந்தவன் நான். எழுவாயும் பயனிலையும் சேர்ந்து வருமாறு எழுத வேறு ஆள் இல்லை என்று இந்தப் பக்கத்தை என் தலையில் கட்டி ஆறு வருடம்.

செய்திகள்:
– இயந்திரவியல் துறையில் புதிய ஆய்வகம். (பழைய ஆய்வகம். பலகை புதிது.)
– ட்ரோன் போட்டியில் நம் மாணவர்களுக்கு ஆறுதல் பரிசு. 'சாதனை' என்று போடச் சொன்னார் டீன். ஆறுதல் யாருக்கு என்று கேட்கவில்லை.
– மின்னியல் துறைத் தலைவர் வெளிநாடு சென்று திரும்பினார். திரும்பியதும் செய்தியே.

வரவிருப்பவை:
– வியாழன் காலை 11, பெரிய அரங்கு. 'மலைச்சரிவுகளின் நிலைத்தன்மை: புதிய பார்வைகள்'. வடக்கிலிருந்து பெரிய பேராசிரியர்.
– அடுத்த வாரம்: 'செயற்கை நுண்ணறிவும் அறமும்'. பேச்சாளர் இன்னும் முடிவாகவில்லை. கருத்துப் படிவங்கள் நிரப்பியாகிவிட்டன.

வியாழக்கிழமை உரை எப்படி நடந்தது என்ற செய்தியையும் இன்றே எழுதி முடித்தேன். 'அரங்கு நிறைந்த கூட்டம். மாணவர்கள் ஆர்வத்துடன் கேள்விகள் எழுப்பினர்.' இங்கே வழக்கம் அப்படி. முதலில் செய்தி. செய்திக்கு ஏற்ற படம். படத்துக்கு ஏற்ற நிகழ்ச்சி. பள்ளிக்குத் தரச்சான்று கொடுக்க வரும் ஆய்வுக் குழுவுக்கான கோப்பில் ஏறிவிட்டால் அது நடந்தாக வேண்டும். ஜூலையில் 'இருநூறு மரக்கன்றுகள் நடப்பட்டன' என்று எழுதி ஏற்றிய பிறகுதான் கன்று வாங்கவில்லை என்று தெரிந்தது. பக்கத்தில் கொட்டச்சேட்டு நர்சரி ஒன்றிலிருந்து காப்பி நாற்றுகளை வண்டியில் கொண்டுவந்தார்கள். குழியில் நிறுத்திப் படம் எடுத்து, மாலையே திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாற்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று டீனுக்கு மகிழ்ச்சி.

கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்பு.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். இரண்டாம் வகுப்பு முடிந்து வரும்போது அந்தோணிசாமி (சுருக்கமாக அ.சா.) வராந்தாவில். மண் ஆய்வகத்தின் உதவியாளர். இருபது வருடமாக மண்ணை நனைத்துக் காயவைத்து எடை போடுகிறவர். இந்தப் பள்ளியில் மண்ணைத் தொடுகிற ஒரே ஆளும் அவர்தான்.

"தமிழய்யா, ஒரு நிமிசம் வர்றீங்களா?"

கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். உடைந்த கண்ணாடித் துண்டுகள். ஒன்றில் மார்க்கரால் தேதி.

விஷயம் இது. பெரிய அரங்குக்குக் கீழே கருங்கல் தடுப்புச் சுவர். அதை ஒட்டி ஊழியர் வீடுகள் நான்கு. போன மாதம் சுவரில் விரிசல். அ.சா. அதன் குறுக்கே மூன்று இடத்தில் கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டியிருக்கிறார். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும்.

"மூணு ஒட்டுனேனுங்க. ரெண்டு போச்சு."

"டீனிடம் சொன்னீர்களா?"

"சொன்னனுங்க. கண்ணாடி ஒடையறதுக்கெல்லாம் ஏன்யா வர்றேன்னாருங்க."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. எனக்கே தெரிகிறது. முதல் வீட்டில் மெஸ் சமையல்காரி ரோசாலி. வாசலில் அண்டா விளக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே பேத்திக்கு இருமல்.

"ஏனுங்க சார், நீங்களும் சுவரப் பாக்கத்தான் வந்தீங்களா? டிக்கெட்டு போட்ருலாமாட்ட இருக்குது."

"பயமாக இல்லையா?"

"எங்கூட்டுக்காரரு கொறட்டைக்கே ஆடுற சுவருங்க. படிச்சவிங்க அத்தன பேரும் சேந்து கட்டுனது, உழுந்தா உங்களுக்குத்தானுங்க அசிங்கம்."

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "வெள்ளக்கடைப் பக்கம் ஊடு பாக்கலாமுங்க. அத்தன தூரத்துலருந்து காத்தால நாலு மணிக்கு இங்க வந்து இட்லி ஊத்தறது யாருங்க?"

நான்கு வீட்டிலும் சேர்த்துப் பதினேழு பேர். எண்ணிவிட்டு வந்தேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 12, புதன்

நாளை விருந்தாளி. ஆகவே சுவருக்கு வர்ணம்.

பராமரிப்பு அலுவலர் பழனிவேல், நான்கு ஆட்கள், ஏணி. மீந்திருந்த மூன்றாவது கண்ணாடியையும் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டார்கள். விரிசலில் சிமெண்ட் பூசி, மேலே நீலம். அ.சா. ஓடி வந்தார்.

"ஏனுங்க, அளவுக்கு ஒட்டி வெச்சதுங்க அது!"

"கெஸ்ட்டு வர்ற எடத்துல ஒடஞ்ச கண்ணாடி ஒட்டி வெச்சா நல்லாவா இருக்குது? கண்ணேறுக்குக் கட்டுனதுன்னு நெனச்சேன்."

மதியம் அடுத்த கட்டம். சுவரின் நீர்த்துளைகளிலிருந்து மலைத் தண்ணீர் வடிந்து புது நீலத்தில் பழுப்புக் கோடு இழுத்தது. பழனிவேல் ஒவ்வொரு துளையாக சிமெண்டால் அடைத்தார். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேறத்தான் அந்தத் துளைகள். நேற்று அ.சா. சொல்லித்தான் எனக்கே தெரியும். எதிரே இரண்டு மாடியில் சிவில் துறை. பேராசிரியர்கள் பதினோரு பேர். ஜன்னலில் நின்று டீ குடித்தார்கள்.

"தண்ணி பின்னால ரொம்புமுங்க! தள்ளிப்புடுமுங்க!" அ.சா.

"மலையிலயே பொறந்த தண்ணிய்யா. அதுக்கு வேற வழி தெரியாதா?" பழனிவேல்.

மூன்று மணிக்கு டீன் கூப்பிட்டார். சுவரில் எழுத நல்ல வாசகம் ஒன்று வேண்டுமாம். குத்தலாக இருக்கட்டும் என்று 'நிலைத்து நிற்போம்' என்று கொடுத்தேன். "அருமை" என்றார். ஐந்து மணிக்கு மஞ்சள் எழுத்தில் ஆள் உயரத்துக்கு எழுதியாகிவிட்டது. ரோசாலி வீட்டுக் கூரைக்கு நேர் மேலே.

அங்கதம் எழுதுகிறவன் என்று எனக்குள் ஒரு நினைப்பு உண்டு. இன்றைக்கு என் கொடை ஆள் உயர எழுத்து. அருவருப்பாக இருக்கிறது. இரவுச் சாப்பாடு வேண்டாம்.

நவம்பர் 13, வியாழன்

மேகம். மழை இல்லை.

விருந்தாளி அடிவாரத்திலிருந்து ஏறி வந்ததில் கொண்டை ஊசி வளைவுகள் வேலை செய்துவிட்டன. முகம் வெளிறி இறங்கினார். எலுமிச்சம்பழம், பொன்னாடை, பூங்கொத்து. அந்த வரிசையில்.

அரங்கு நிறைந்தது. என் வகுப்பை ரத்து செய்து பிள்ளைகளை ஓட்டி வந்திருந்தார்கள். பின்வரிசையில் கேட்டது:

"மச்சி, பாத்ரூம் போனா அட்டெண்டன்ஸ் போயிருமா?"

"போகாது. ஆனா திரும்பி வர உடமாட்டாங்க."

"அப்ப போயிடலாம்."

உரை உண்மையில் நன்றாகவே இருந்தது. எரிச்சலே அதில்தான். தண்ணீர்தான் சரிவின் முதல் எதிரி, அதை வெளியேற விடுங்கள் என்று நாற்பது நிமிடம் சொன்னார். டீன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். கேள்வி நேரத்தில் அ.சா. எழுந்தார். ஒலிவாங்கி பேராசிரியர் வரிசையைத் தாண்டி வரவில்லை. 'நேரமின்மை காரணமாக' நன்றியுரை.

சாப்பாட்டுக்குப் போகும் வழியில் விருந்தாளி நீலச் சுவர் முன் நின்றார். மேலும் கீழும் பார்த்தார். நீர்த்துளைகள் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"புதிய முறை, சார்," என்றார் டீன்.

விருந்தாளி சுவரைப் பார்த்தார். டீனைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சுவாரசியம்" என்றார். சுவர் முன் குழுப் படம். நானும் நின்றேன், இடமிருந்து ஆறாவது.

தெரியாதவனை மன்னிக்கலாம். இவருக்குத் தெரியும். எனக்கும்.

நவம்பர் 14, வெள்ளி

விடியலில் பிடித்த மழை. மெஸ்ஸில் குழந்தைகள் தினக் கேசரி. இங்கே இளையவருக்கு வயது பதினேழு.

பத்து மணிக்கு அ.சா. வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ரோசாலி வீட்டுப் பின்கதவு சாத்த முடியவில்லை.

"நேத்து வரைக்கும் சாத்துன கதவுங்க. ஒரே ராத்திரியில கதவு வளந்துருச்சா?" ரோசாலி.

கதவு வளரவில்லை. அடுப்படித் தரை உப்பியிருக்கிறது. சுவரடியில் செம்மண் கலந்த தண்ணீர். ரோசாலியின் கணவர் கட்டிலைச் சுவர் ஓரத்திலிருந்து வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். மூன்றடி நகர்த்திவிட்டு நின்றார். அதற்கு மேல் வீடு இல்லை.

சுவர் பற்றி அ.சா. எழுதிக் கொடுத்திருந்த கடிதம் டீனிடமிருந்து திரும்பியது. குறிப்பு: 'ஆய்வுக் குழு வருகைக்குப் பின் பேசலாம்.' குழு திங்கட்கிழமை. மழை அதுவரை பொறுக்குமா என்று யாரும் குறிப்பு எழுதவில்லை.

நான்கு மணிக்குள் செய்திப் பக்கம் குழுவின் கோப்பில் ஏற வேண்டும். இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். ட்ரோன் சாதனைக்கும் சரிவுச் சிறப்புரைக்கும் நடுவில் ஒன்றைச் சேர்த்தேன்:

'கனமழையை முன்னிட்டு, தடுப்புச் சுவரை ஒட்டிய நான்கு வீடுகளில் வசித்த ஊழியர் குடும்பங்கள் பாதுகாப்பாக விருந்தினர் விடுதிக்கு மாற்றப்பட்டன. டீன் நேரில் மேற்பார்வையிட்டார்.'

இறந்த காலம். இன்றைய தேதி. பொய் எழுதிப் பழகிய கை.

டீன் தொலைபேசியில் யாருடனோ திங்கட்கிழமை சாப்பாட்டுப் பட்டியல் பேசியபடியே கையெழுத்துப் போட்டார். 3.40க்குக் கோப்பில் ஏறியது. பலகையிலும் ஒட்டினேன்.

4.15க்கு அழைப்பு.

"யாரைக் கேட்டு எழுதினீங்க இத?"

"கையெழுத்து உங்களுடையது, சார்."

"எடுத்துடலாமில்ல?"

"ஏற்றினால் எடுக்க முடியாது என்று போன வாரம் உங்கள் சுற்றறிக்கை, சார்."

சுற்றறிக்கையைப் புரட்டும் சத்தம். பிறகு: "சரி. படம் வேணும். இன்னைக்குத் தேதியோட. வெளிச்சம் போறதுக்குள்ள பழனிவேல வண்டியோட வரச் சொல்லுங்க."

ஓடினேன். கடைசியாக எப்போது ஓடினேன் என்று நினைவில்லை.

"எங்கீங்க? கெஸ்டவுசுக்கா?" ரோசாலி நம்பவில்லை. "ரூமுல ஏசி இருக்குதுங்களா?"

"ஏற்காட்டில் எதற்கம்மா ஏசி?"

"இருந்தா வேண்டாமுங்க. புள்ளைக்குச் சளி."

நாற்பது நிமிடத்தில் நான்கு வீடும் வண்டியில். பாத்திரம், பாய், டிவி, அடுப்பு, சிலிண்டர், மாதா படம். டீன் குடை பிடித்து ஒரு திசையைச் சுட்டிக்காட்டும் படம். டீன் சாவி கொடுக்கும் படம். முதல் முறை டீன் கண்ணை மூடிவிட்டார். சாவியைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார்.

காரில் ஏறும்போது பழனிவேலிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "காலைல கீழ அனுப்பிடுங்க. திங்கக்கிழமை குழுவுக்கு ரூம் வேணும்."

காப்பி நாற்றுகள்.

நவம்பர் 15, சனி

மழை விடவில்லை. பஸ் மேலே வரவில்லை, அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார்களாம். அ.சா. காலையிலேயே போய் அடைத்த துளைகளை உளியால் திறக்கப் பார்த்திருக்கிறார். இரண்டைத் திறந்தாராம். இரண்டிலிருந்தும் குழாய்போல் அடித்ததாம். இனிச் சுவர் பக்கம் போகாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஒன்பதரைக்கு விருந்தினர் விடுதி. வாசலில் பழனிவேல். உள்ளே முதல் அறையில் ரோசாலி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கெளம்பலயா? வண்டி நிக்குது."

"எங்கீங்க?"

"ஊட்டுக்குத்தான். டீன் சொல்லிட்டாரு."

"ஊட்டுலதானுங்க இருக்கறோம். பேத்தி படிச்சுச் சொன்னா, பலகையில. நாலு குடும்பத்தையும் இங்க மாத்தியாச்சுன்னு போட்டிருக்குதாமே."

"அது சும்மா நியூசும்மா."

"அப்ப திருப்பி அனுப்பியாச்சுன்னும் நியூசு போடுங்க. கீழ, சுவத்துக்கு அடியில. டீன் அய்யா பேரப் போட்டு. அதப் படிச்சுட்டுப் போறோமுங்க."

பழனிவேல் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

"தோசை ஊத்தட்டுங்களா சார்? பழனிவேலண்ணா, நீங்களும் உக்காருங்க. நின்னா ஒடம்புக்கு ஆகாது."

உட்கார்ந்தோம். அவர் மூன்று, நான் இரண்டு. பல்வலியோடு.

பத்தரைக்கு டீன் அழைத்தார். "நீங்க நல்லா பேசுவீங்க. எடுத்துச் சொல்லி இறக்கிவிடுங்க."

அவர்கள் ஒரு செய்திதான் கேட்கிறார்கள் என்றேன்.

"எழுதிக் குடுங்களேன். அதுக்கென்ன?"

எழுதினேன். வழக்கமான நடை, ஒரு சொல்கூட அதிகமில்லை:

'விருந்தினர் விடுதிக்கு மாற்றப்பட்ட நான்கு குடும்பங்களின் பதினேழு பேரும், ஆய்வுக் குழுவுக்கு அறைகள் தேவைப்பட்டதால், நகர்ந்துவரும் தடுப்புச் சுவருக்கு அடியில் உள்ள வீடுகளுக்குக் கனமழையில் திருப்பி அனுப்பப்பட்டனர். டீன் நேரில் மேற்பார்வையிட்டார்.'

பதினொரு மணிக்குக் கையெழுத்துக்கு அனுப்பினேன். வழக்கமாக எதுவும் பத்து நிமிடத்தில் கையெழுத்தாகித் திரும்பிவிடும்.

இப்போது நான்கு மணி. அட்டெண்டரை நிறுத்தி விசாரித்தேன்.

"குடுத்துட்டனுங்க அய்யா, அப்பவே. பேனாவத் தொறந்து கையில வெச்சிருக்காரு. டீ ஆறிப்போச்சு. இன்னும் படிச்சுட்டே இருக்காருங்க."